முடிவைப் போட்டு உடைக்காமல் உள்ளதைச் சொல்வது எப்படி: மர்ம நாவலுக்கும் சமகால நாவலுக்கும் கருத்து எழுத ஒரு வழிகாட்டி

ஒரு நாவலைப் படித்து முடித்தவர் எழுதும் கருத்து, அதை இன்னும் படிக்காத ஒருவர் அந்தப் புத்தகத்துக்குக் காசும் நேரமும் செலவழிக்கலாமா என்று முடிவுசெய்ய உதவ வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்யாத கருத்து எவ்வளவு காரசாரமாக இருந்தாலும் வெறும் பேச்சுத்தான். வேலூரில் மாதம் ஒருமுறை கூடி, படித்ததைப் பேசுகிற சிறு வட்டம் ஒன்றில் நான் பல ஆண்டுகளாக இருக்கிறேன். அங்கே புதிதாக வருபவர்கள், குறிப்பாகக் கல்லூரி மாணவர்கள், பெரும்பாலும் இரண்டே வகையாக எழுதிக்கொண்டு வருகிறார்கள்: "விறுவிறுப்பு, ஒரே மூச்சில் படித்தேன்" அல்லது "சுமார்தான், கடைசியில் சொதப்பிவிட்டார்". இரண்டும் பொய்யில்லை, ஆனால் இரண்டிலும் எழுதியவருடைய அன்றைய மனநிலை தெரிகிறதே ஒழிய, புத்தகம் கண்ணுக்குத் தென்படுவதில்லை. அவர்களுக்கு அவ்வப்போது சொல்லிவந்தவற்றை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அளவுகோலைப் பற்றி. எந்த நாவலும் தன் முதல் முப்பது நாற்பது பக்கங்களுக்குள் வாசகருக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிடுகிறது. மர்ம நாவலின் வாக்கு, "ஒரு கேள்வி கேட்பேன், அதற்கான விடையைத் தருவேன், அந்த விடைக்கு வேண்டிய தடயங்களை உங்கள் கண்முன்னேயே வைப்பேன்" என்பது. சமகால வாழ்க்கையைச் சொல்லும் நாவலின் வாக்கு வேறு: "இந்த மனிதர்களை, அவர்கள் வாழும் தெருவில், அவர்கள் பேசும் பேச்சோடு காட்டுவேன், அவர்களுக்கு நேர்வதன் விளைவை மழுப்பமாட்டேன்." ஒன்றின் வாக்கை வைத்து மற்றொன்றை அளப்பதுதான் பெரும்பாலான கருத்துகளைக் கெடுக்கிறது.

பூமணியின் 'வெக்கை' 1982-இல் வந்த நாவல். கொலை செய்தவன் சிதம்பரம் என்கிற சிறுவன் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. "கொலைகாரன் யார் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால் சஸ்பென்ஸ் போய்விட்டது" என்று ஒருவர் எழுதினால், அந்த நாவல் தராத வாக்கை அதனிடம் கேட்கிறார் என்று பொருள். தகப்பனும் மகனும் ஊருக்கு வெளியே ஒளிந்து திரியும் நாட்களில் என்ன சமைத்தார்கள், எதை நினைத்துப் பேசிக்கொண்டார்கள் என்பதே அங்கு விஷயம். ஜப்பானிய எழுத்தாளர் கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' 2005-இல் வந்தது. அது முழுக்க முழுக்க மர்ம நாவல்தான், ஆனாலும் கொலையையும் கொலை செய்தவரையும் ஆரம்பத்திலேயே காட்டிவிடுகிறது. கொலை எப்படி மறைக்கப்படுகிறது என்பதுதான் அதன் கேள்வி. எனவே கருத்து எழுத உட்காரும் முன், "இந்த நாவல் எனக்கு என்ன வாக்குக் கொடுத்தது?" என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியம் வராவிட்டால், முதல் நாற்பது பக்கங்களை மறுபடி புரட்டுவது நல்லது.

படிக்கும்போதே செய்ய வேண்டியவை

படித்து முடித்த பிறகு நினைவிலிருந்து எழுதுவது எளிது, ஆனால் நினைவு கடைசி இருபது பக்கங்களுக்கே விசுவாசமாக இருக்கும். ஆகவே கையோடு குறிப்பு வையுங்கள். மாவட்ட மைய நூலகத்திலிருந்து எடுத்த புத்தகத்தில் பென்சிலால் கோடு போடாதீர்கள்; அடுத்து எடுப்பவருக்கு உங்கள் சந்தேகமெல்லாம் இலவசமாகக் கிடைத்துவிடும். பேருந்துச் சீட்டு, மருந்துக்கடை ரசீது, எது கையில் இருந்தாலும் அதைப் பக்கத்துக்கிடையே செருகி, அதன் மேல் இரண்டு சொல் எழுதினால் போதும்.

மர்ம நாவலுக்கு ஒரு பயிற்சி உண்டு, இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். நாவலில் முக்கால் பங்கு முடிந்ததும் நிறுத்துங்கள். ஒரு தாளில், யார்மேல் உங்களுக்குச் சந்தேகம், ஏன் சந்தேகம் என்று தேதியிட்டு எழுதி மடித்து வையுங்கள். பிறகு முடிவைப் படியுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். உங்கள் ஊகம் சரியாக இருக்கும். அல்லது தவறாக இருக்கும், ஆனால் திரும்பிப் போய்ப் பார்த்தால் தடயம் அங்கே பளிச்சென்று கிடக்கும். அல்லது எவ்வளவு தேடினாலும் தடயமே இருக்காது. இந்த மூன்றும் மூன்று வெவ்வேறு கருத்துகள். "கடைசியில் சொதப்பிவிட்டார்" என்பது மூன்றாவதற்கு மட்டும்தான் பொருந்தும். இரண்டாவது நிகழ்ந்தால் ஆசிரியர் ஜெயித்துவிட்டார் என்பதை மனமுவந்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊகம் சரியாக வந்துவிட்டாலும் அதன் காரணத்தை எழுத வேண்டும். குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு மாணவி ஒருமுறை, "எனக்கு அம்பதாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு சார்" என்றார். "எப்படிம்மா தெரிஞ்சுது?" என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டார். "அந்த வீட்டுக்குப் பால் ஊத்துறவரைப் பத்தி மட்டும் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்காரு சார். அவருக்குக் கதையில வேற ஒரு வேலையும் இல்ல." இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் அச்சில் அதிகம் பார்த்ததில்லை. வேலையில்லாத பாத்திரத்துக்கு அளவுக்கு மீறிய வருணனை கொடுத்ததால் முடிச்சு முன்னதாகவே அவிழ்ந்துவிட்டது என்பது, ஆசிரியரின் கைத்திறன் எங்கே தளர்ந்தது என்பதைச் சுட்டுகிறது; "ஈஸியாகக் கண்டுபிடித்துவிட்டேன்" என்பது சொல்பவரின் புத்திசாலித்தனத்தை மட்டும் பறைசாற்றுகிறது.

மர்ம நாவலை எடைபோடும்போது

துப்பறியும் கதை வாசகரோடு ஆடும் நியாயமான ஆட்டமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஆங்கிலத்தில் 1920-களில் விதிகளாகவே எழுதப்பட்டது. எஸ்.எஸ். வான் டைன் 1928-இல் இருபது விதிகளை வெளியிட்டார். பாதிரியாரும் துப்பறியும் கதை எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் பத்து விதிகளை வகுத்தார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும், துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகருக்கும் காட்ட வேண்டும், தற்செயல் நிகழ்ச்சி துப்பறிபவரைக் காப்பாற்றக் கூடாது, முன்னறிவிப்பின்றி இரட்டையர்களைக் கொண்டுவரக் கூடாது என்பவை நாக்ஸின் பட்டியலில் இன்றைக்கும் பயன்படுபவை. இவற்றை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. 1926-இல் அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்' வெளிவந்தபோது, அதன் முடிவு நியாயமா ஏமாற்றா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. என் கருத்தில் அது நியாயமான ஆட்டம்தான்; இரண்டாம் முறை படிக்கும்போது ஒவ்வொரு வாக்கியமும் உண்மையைச் சொல்லிக்கொண்டே மறைத்திருப்பது தெரியும். இரண்டாம் வாசிப்பைத் தாங்குகிறதா என்பதுதான் இந்த வகைக்கு நான் வைக்கும் கடைசிச் சோதனை.

தமிழ் மர்ம நாவலை எடைபோடும்போது, அது எந்த அச்சில் வார்க்கப்பட்டது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வாரப் பத்திரிகையில் தொடராக வந்த நாவல், ஒவ்வொரு வாரமும் ஒரு கொக்கியில் முடிய வேண்டிய கட்டாயத்தோடு எழுதப்பட்டது. அதைப் புத்தகமாக ஒரே நாளில் படித்துவிட்டு, "பத்துப் பக்கத்துக்கு ஒரு திருப்பம் செயற்கையாக இருக்கிறது" என்று குறைசொல்வது பாதி நியாயம்தான். அது தொடராக வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் முழு நியாயம். மாத நாவல் குறிப்பிட்ட பக்கங்களுக்குள் அடங்கியாக வேண்டும். காட்பாடியில் ரயிலேறியவர் சுமார் 130 கிலோமீட்டர் கடந்து சென்னை சென்ட்ரலில் இறங்குவதற்குள் முடித்துவிடக்கூடிய அளவு. அந்த நெருக்கடியில் பெரும்பாலும் பலியாவது முடிவுப் பகுதிதான். கடைசி அத்தியாயத்தில் துப்பறிபவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அத்தனையையும் தானே விளக்கி முடிப்பதை நீங்கள் எத்தனையோ நாவல்களில் பார்த்திருப்பீர்கள். நெருக்கடி காரணத்தை விளக்குகிறது, குறையை இல்லாமல் ஆக்கிவிடுவதில்லை.

பெயர்பெற்ற ஆசிரியர்கள் என்பதற்காகத் தயங்க வேண்டாம். சுஜாதாவின் கணேஷ், வசந்த் கதைகளில் உரையாடலின் வேகம் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. நிதானமாக யோசித்தால் சிலவற்றில் முடிச்சு மிகவும் மெலிந்தது என்பதும், வசந்த் பெண்களைப் பற்றி அடிக்கும் கமெண்டுகள் இன்றைய வாசகருக்கு உறுத்தும் என்பதும் தெரிகிறது. ராஜேஷ்குமார் தொடர்பில்லாத இரண்டு கதைகளை மாறி மாறி நடத்திக் கடைசியில் இணைப்பதில் கைதேர்ந்தவர். அந்த இணைப்பு பாத்திரங்களின் செயலால் நிகழும்போது அது ஒரு தனி ருசி. தற்செயலாக நிகழும்போது, இரண்டு அரை நாவல்களைப் படித்த உணர்வே மிஞ்சுகிறது. இப்படி எது எப்போது பலிக்கிறது, எப்போது பலிப்பதில்லை என்று பிரித்துச் சொன்னால், அந்த ஆசிரியரின் தீவிர ரசிகர்கூட உங்களோடு சண்டைக்கு வரமாட்டார். வந்தாலும் பேச விஷயம் இருக்கும்.

முடிவைப் போட்டு உடைக்காமல்

நாவலின் முதல் கால்பகுதியில் வருவதைத் தாராளமாகச் சொல்லலாம். அதற்கு மேல் நடப்பதை நிகழ்ச்சியாகச் சொல்லாமல், விளைவாக மட்டும் சொல்ல வேண்டும். இதுவரை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். சிக்கல் எங்கே வருகிறதென்றால், குறையே முடிவில்தான் இருக்கும்போது அதைச் சொல்லாமல் எப்படி நேர்மையாக இருப்பது என்பதில்தான்.

வட்டத்தில் ஒருவர் ஒரு மாத நாவலைப் பற்றி இப்படி எழுதிக்கொண்டு வந்தார்: "கடைசியில் திடீரென்று இரட்டைச் சகோதரனைக் கொண்டுவந்து ஆசிரியர் நம்மை முட்டாளாக்கிவிட்டார்." கருத்து நேர்மையானது, கோபமும் நியாயமானது. ஆனால் இதைப் படித்த யாரும் இனி அந்த நாவலைத் தாமாகப் படித்து முடிவுசெய்ய முடியாது. ஒரு மணி நேரம் பேசி நாங்கள் அதை இப்படி மாற்றினோம்: "புதிரின் விடை, கடைசிப் பன்னிரண்டு பக்கங்களுக்கு முன் ஒருமுறைகூடச் சொல்லப்படாத ஒரு தகவலை நம்பி நிற்கிறது. நான் சேர்த்து வைத்த தடயங்களில் ஒன்றும் பயன்படவில்லை. ஆனால் பிரேதப் பரிசோதனை நடக்கும் நான்காம் அத்தியாயத்தில் மருத்துவரும் இன்ஸ்பெக்டரும் பேசிக்கொள்ளும் விதம் மிக இயல்பாக இருக்கிறது." குறையின் வகை சொல்லப்பட்டுவிட்டது, அதன் உருவம் மறைந்திருக்கிறது. படிக்கலாமா வேண்டாமா என்பதை இனி அடுத்தவர் தீர்மானித்துக்கொள்வார்: தடயம் தேடிப் படிப்பவர் ஒதுக்கிவிடுவார், நல்ல உரையாடலுக்காகப் படிப்பவர் எடுத்துப் பார்ப்பார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "யாரும் எதிர்பார்க்காத திருப்பம் இருக்கிறது" என்று சொல்வதும் ஒருவகையில் முடிவை உடைப்பதே. அதைக் கேட்டவர் முதல் பக்கத்திலிருந்தே யாரையும் நம்பாமல் படிப்பார். ஆசிரியர் பாடுபட்டு உருவாக்கிய சாதாரணத் தோற்றம் அவரிடம் எடுபடாது.

சமகால நாவலுக்கு உள்ளூர்க் கண்

இங்கே அளவுகோல் மாறுகிறது. முடிச்சு, திருப்பம் என்பவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு, இடமும் பேச்சும் தொழிலும் உண்மையாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்த வேலையில், வடார்க்காட்டுப் பின்னணியில் எழுதப்பட்ட நாவலுக்குச் சென்னை விமர்சகரைவிட நாம் சொல்லும் கருத்துக்கு எடை அதிகம். அந்த வாய்ப்பை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை.

சில உதாரணங்கள் சொல்கிறேன். மே மாதப் பாலாற்றில் பிணம் மிதந்து வருவதாக ஒரு கதை தொடங்கினால், வேலூர் வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடலாம். மே மாதத்தில் அங்கே மிதக்கத் தண்ணீர் ஏது? 2021 நவம்பர் வெள்ளத்தை வைத்து எழுதினால் நம்பலாம். பிணத்தை மிதக்கவிட்டே ஆக வேண்டும் என்றால் ஆசிரியருக்குக் கோட்டை அகழி இருக்கிறது. தொரப்பாடியில் இருக்கும் மத்திய சிறையைக் கோட்டைக்குள் கொண்டுபோய் வைப்பது, 2022-இல் ஆம்பூரில் நடக்கும் கொலையை வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் விசாரிப்பது போன்றவையும் அப்படித்தான். ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019 பிரிவினைக்குப் பிறகு திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. கதை 1980-களில் நடக்கிறதென்றால் திருவண்ணாமலையும் ஆரணியும்கூட ஒரே வட ஆர்க்காடு மாவட்டத்துக்குள் வரும். 1989-இல்தான் அது இரண்டாகப் பிரிந்தது.

இத்தகைய பிழைகளைக் கண்டதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். ஒரு பிழை நாவலின் மையத்தைத் தொடுகிறதா, ஓரத்தில் கிடக்கிறதா என்று கேளுங்கள். சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரேயுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் விடுதிப் பலகைகள் தொங்குவதை ஓர் ஆசிரியர் கவனிக்கவில்லை என்றால் அது ஓரம். ஆனால் நாவலே வெளிமாநிலத்திலிருந்து சிகிச்சைக்கு வந்த ஒரு குடும்பத்தைப் பற்றியது என்றால், அந்தப் பலகைகளும் அந்தச் சாப்பாட்டுக் கடைகளும் இல்லாத வேலூர் அந்தக் குடும்பத்தின் வேலூராக இருக்க முடியாது. டேனரியில் வேலை செய்யும் ஒருவரைப் பற்றிய நாவலில் "தோல் வாடை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்வதும், சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலிலிருந்து மயிரைச் சுரண்டுபவரின் கைவிரல் இடுக்குகளைச் சொல்வதும் ஒன்றாகிவிடாது. கருத்தில் இந்த வேறுபாட்டைப் பக்க எண்ணோடு காட்டுங்கள்.

பேச்சு வழக்கும் அப்படியே. நம் பக்கத்து மனிதர் "வந்துகினு கீறான்" என்று சொல்வதை எழுத்தாளர் எல்லாப் பாத்திரங்களின் வாயிலும் ஒரே சீராகத் திணித்தால், அது காதால் கேட்டதாக இல்லாமல் பட்டியல் பார்த்து எழுதியதாகத் தோன்றும். படித்த மகள் ஒருமாதிரியும் பாட்டி வேறுமாதிரியும் பேசுவதுதான் இயல்பு.

மர்ம நாவலின் கேள்வியைச் சமகால நாவல் எடுத்துக்கொள்ளும்போது என்ன செய்வது என்பதற்கு இமையத்தின் 'செல்லாத பணம்' நல்ல பாடம். 2020-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. தீக்காயங்களோடு மருத்துவமனையில் கிடக்கும் ஒரு பெண்ணைச் சுற்றி நகர்கிறது. தானே வைத்துக்கொண்ட தீயா, பிறர் வைத்ததா என்ற கேள்வி வாசகரை உறுத்திக்கொண்டே இருக்கிறது. துப்பறியும் நாவல் வாசகர் அதற்கு விடை கேட்டுக் கோபப்படலாம். ஆனால் நாவல் கொடுத்த வாக்கு, அந்தத் தாழ்வாரத்தில் காத்திருக்கும் அப்பாவையும் அம்மாவையும் பற்றியது. மருத்துவமனை வாசலில் பிளாஸ்டிக் பையும் பிளாஸ்க்குமாக உட்கார்ந்திருப்பவர்களைத் தினமும் பார்க்கிற வேலூர்க்காரர், அந்தப் பக்கங்கள் எவ்வளவு துல்லியம் என்பதை வேறு எவரையும்விட நன்றாகச் சொல்ல முடியும். அதே சமயம், ஒரே புலம்பல் பலமுறை திரும்ப வருவது நடுப்பகுதியைக் கனக்கச் செய்கிறது என்பதையும் நான் சொல்வேன். விருது வாங்கிய புத்தகம் என்பது வாயை அடைக்கும் காரணமாகாது.

நம்ம ஊர்க்காரர் எழுதியது

உள்ளூர்ப் பெருமை நேர்மைக்கு நேர் எதிரியாக வந்து நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துப்பறியும் நாவல்களை எழுதிக் குவித்த ஆரணி குப்புசாமி முதலியார் நம் பக்கத்துக்காரர் என்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றுள் பல ஆங்கில நாவல்களின் தழுவல்கள் என்பதைச் சொல்லாமல் புகழ்வது சரியாகாது. மு. வரதராசனின் 'அகல் விளக்கு' 1961-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. வாலாஜா பக்கத்து வாழ்க்கையை அதில் பார்க்கும்போது நமக்கு ஏற்படும் நெருக்கம் உண்மையானது. பாத்திரங்கள் அடிக்கடி கதையை நிறுத்திவிட்டு அறிவுரை பேசுகிறார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் அடுத்தடுத்த வாக்கியங்களில் எழுதினால் ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது. பேரணாம்பட்டைச் சேர்ந்த அழகிய பெரியவனின் 'தகப்பன் கொடி'யைப் பற்றி எழுதுபவர், "நம்ம வட்டாரக் கதை" என்று தோளில் தட்டிக்கொடுப்பதோடு நின்றுவிட்டால், அது சொல்கிற நிலத்தையும் சாதியையும் பேசாமல் தப்பித்துக்கொள்கிறார் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதியவர் நேரில் தெரிந்தவராக இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். சிறிய ஊரில், வெளியீட்டு விழாவில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தவரின் புத்தகத்தைப் பற்றித்தான் நாம் பெரும்பாலும் எழுத வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட சமயத்தில் "அண்ணன் எழுதியது, அதனால் அருமை" என்பதும், பழைய மனஸ்தாபத்தைப் புத்தகத்தின் மேல் காட்டுவதும் ஒரே தப்பின் இரண்டு பக்கங்கள். குறையை எழுதும் வாக்கியத்தில் எழுவாய் நாவலாக இருக்கட்டும்: "பன்னிரண்டாம் அத்தியாயம் இழுக்கிறது" என்று எழுதலாம், "இவருக்குச் சுருக்கமாக எழுதத் தெரியாது" என்று எழுத வேண்டாம். ஆசிரியரின் சொந்த வாழ்க்கையிலிருந்துதான் கதை வந்தது என்று ஊகிப்பதையும் விட்டுவிடுங்கள்.

நீளம் முந்நூறு சொற்களுக்குள் இருந்தால் போதும். முதல் இரண்டு வாக்கியங்களில் தீர்ப்பைச் சொல்லிவிட்டு, மீதியில் அதற்கான சான்றைக் கொடுங்கள். மேற்கோள் ஒன்றிரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம். எழுதியதை ஓர் இரவு கிடப்பில் போட்டுவிட்டுக் காலையில் படித்தால், கோபத்தில் எழுதிய பெயரடைகள் தாமாகவே துருத்திக்கொண்டு நிற்கும். அவற்றை எடுத்துவிட்டாலும் கருத்து பலவீனமாகாது. கீழே எந்தப் பதிப்பகம், எந்த ஆண்டுப் பதிப்பு என்று குறிப்பிடுங்கள். பழைய மர்ம நாவல்கள் தொடராக ஒரு வடிவத்திலும் மாத நாவலாகச் சுருங்கி வேறொரு வடிவத்திலும் வந்திருக்கக்கூடும். நீங்கள் குறைசொன்ன அத்தியாயமே அடுத்தவர் கையிலுள்ள புத்தகத்தில் இல்லாமல் இருக்கலாம்.